காலநிலை மாற்ற விவாதத்தில் திருத்தமும் மறுப்பும்: மாவடிப்பள்ளியை முன்வைத்து ஒரு நோக்கு

கல்முனையிலிருந்து தெற்கே சென்று, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி அம்பாறையை நாடும் பெருந்தெரு, சம்மாந்துறையை அடையுமுன் மாவடிப்பள்ளி என்னும் முஸ்லிம் சிற்றூரைக் கடந்து செல்கின்றது. தெருவின் இருமருங்கும் தாழ்ந்த நெல்வட்டைகள் பரந்துள்ளன. மாரிகாலத்தில் மேற்கு நிலத்து வெள்ளம் கடலை நாடி இறங்கும் வழியும் இவ்வட்டைகளே. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், வெள்ளம் மேவிப் பாய்ந்துகொண்டிருந்த இத்தெருவில், நிந்தவூரிலுள்ள அறபுக் கல்லூரியொன்றிலிருந்து வீடு திரும்பிய மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் நீரோட்டத்தில் அள்ளுண்டது. மாணவர் பலரும் உடன்சென்றோரும் உயிரிழந்தனர்.

இத்தகைய பேரிடரின் பின் இரு கூற்றுக்கள் எதிரெதிரே நிற்பதைக் காண்கின்றோம். "இது காலநிலை மாற்றத்தின் விளைவு" என்பது ஒன்று. "வெள்ளம் நமக்குப் புதிதன்று, தெருவையும் மதகையும் பயணத்தையும் கவனியாது விட்டதே காரணம்" என்பது மற்றொன்று. முதற்கூற்றினர் மற்றவரை விஞ்ஞானத்தை மறுப்போர் என்பர். மற்றவரோ முதற்கூற்றினரைப் பொறுப்பைத் தட்டிக்கழிப்போர் என்பர். ஒரு தரப்பின் தரவிலே பிழையொன்று சுட்டப்பட்டதும் அத்தரப்பு சொன்ன யாவும் பொய்யென முடிவுகட்டப்படுகின்றது. அம்முடிவுக்கு அஞ்சி, பிழையைப் பிழையென ஏற்க அத்தரப்பும் மறுத்து நிற்கின்றது.

இதனை வெறுஞ் சொற்போர் எனத் தள்ளிவிடுதல் இயலாது. முதற்கூற்று மட்டுமே நிலைபெறுமாயின் தெருவுக்கும் தாம்போதிக்கும் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாகிவிடும். இரண்டாங் கூற்று மட்டுமே நிலைபெறுமாயின் புதிய பாலமும் பழைய மழையின் அளவைக் கொண்டே கட்டப்படும். இரு முடிவுகளும் பின்வரும் மாரியொன்றிலே உயிர்ப்பலி கொள்ளக்கூடியன. ஆகவே, காலநிலை பற்றிய விவாதங்களில் தரவுத் திருத்தத்தை எவ்வாறு உரைத்தல் வேண்டும், எவ்வாறு ஏற்றல் வேண்டும், கருத்து வேறுபாட்டை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பன ஆராயத்தக்கன. உண்மையில் நிகழ்ந்த சில திருத்தங்களின் துணைகொண்டு இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கூற்றுக்களின் நால்வகை

காலநிலை பற்றிப் பேசும்போது நால்வகைக் கூற்றுக்கள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. அவற்றை முதலிற் பிரித்தறிதல் வேண்டும். நிகழ்ந்தது யாது என்பது நிகழ்ச்சிக் கூற்று. அது ஏன் நிகழ்ந்தது என்பது காரணக் கூற்று. அக்காரணத்தின் பங்கு எவ்வளவு என்பது அளவுக் கூற்று. இனி யார் யாது செய்தல் வேண்டும் என்பது கடமைக் கூற்று.

மாவடிப்பள்ளியிலே வெள்ளம் தெருவை மேவிப் பாய்ந்தது என்பது நிகழ்ச்சிக் கூற்று. இதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. வங்காள விரிகுடாவில் உருவாகிய தாழமுக்கம் அம்மழையைக் கொணர்ந்தது என்பது காரணக் கூற்று. வளிமண்டலவியற் பதிவுகளைக் கொண்டு இதனை உறுதிசெய்யலாம். அம்மழையின் கனதியிலே மனிதரால் விளைந்த வெப்பமுயர்ச்சிக்கு எவ்வளவு பங்கு என வினவும்போதே அளவுக் கூற்றினுட் புகுகின்றோம். இவ்விடத்தில் விடை எளிதன்று. தாழமுக்கத்தைக் காலநிலை மாற்றம் உண்டாக்கியது எனக் கூறுதல் மிகை. அதற்குச் சிறிதும் தொடர்பில்லை எனக் கூறுதலும் தவறு. வளியின் வெப்பநிலை 1 பாகை செல்சியசால் உயர்கையில் அது கொள்ளக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதத்தால் உயரும் என்பது பௌதிகவியலின் நிறுவப்பட்ட உண்மை. 1850 முதல் 1900 வரையான காலத்தின் சராசரியோடு ஒப்பிடுகையில், 2011 முதல் 2020 வரையான பத்தாண்டிற் புவிமேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்திருந்தது. எனவே பெய்யும் பெருமழை முன்னையிலும் கனத்துப் பெய்தற்கு வாய்ப்பு மிகுந்துள்ளது என்பதே முறையான கூற்றாகும். குறித்த ஒரு நாளின் மழையிலே அப்பங்கு எத்துணை என்பதைத் தனி ஆய்வின்றி ஒருவரும் சொல்லுதல் இயலாது.

வானிலை, காலநிலை ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி உணராமையும் இவ்விடத்தில் மயக்கம் விளைப்பதாகும். ஒரு நாளின் மழையும் வெயிலும் வானிலை. நீண்டகாலச் சராசரியே காலநிலை. அதனைக் கணிக்க 30 ஆண்டுப் பதிவுகளைக் கொள்வது உலக வளிமண்டலவியல் அமைப்பு வகுத்த வழக்காகும். ஒரு கார்த்திகை மாத வெள்ளத்தைக் காட்டிக் காலநிலை மாறிவிட்டது என்பதும், ஒரு மார்கழிக் குளிரைக் காட்டி அது மாறவில்லை என்பதும் ஒரே வகைப் பிழைகளே.

கடமைக் கூற்று இவற்றினின்றும் வேறானது. தாம்போதியை உயர்த்துவதற்குப் பணம் யார் தருவது, வெள்ளம் தெருவை மூடுகையிற் போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் எவரிடம் இருத்தல் வேண்டும் என்பன தரவுகளால் மட்டும் தீராத வினாக்கள். ஒருவர் அளவுக் கூற்றைச் சொல்ல, மற்றவர் கடமைக் கூற்றால் அதனை மறுப்பாராயின், இருவரும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளவேயில்லை. மாவடிப்பள்ளி குறித்த இரு கூற்றுக்களும் இவ்வாறு குறுக்கே நிற்பனவேயன்றி உண்மையில் முரண்படுவன அல்ல. மழை கனத்ததும் உண்மையாகலாம்; தெரு பாதுகாப்பற்றிருந்ததும் உண்மையாகலாம்.

2. சிறு திருத்தங்கள்

திருத்தங்கள் யாவும் ஒரே கனமுடையன அல்ல. சில, கூற்றின் வெளிவிளிம்பைச் சீர்செய்வன. வேறு சில, அதன் அடிப்படையையே மாற்றுவன. இவ்வேறுபாட்டை உணராது எல்லாத் திருத்தங்களையும் ஒரே குரலில் எடுத்துரைப்பதால் விவாதம் திசைமாறுகின்றது.

எடுத்துக்காட்டாக, 2024 நவம்பர் 26இல் நிகழ்ந்த அழிவைப் "பெங்கல் புயலின் அழிவு" எனக் குறிப்பது வழக்காகிவிட்டது. உண்மையில் அந்நாளில் அது ஆழ்ந்த தாழமுக்கமாகவே இருந்தது. நவம்பர் 29ஆம் நாளே அது புயலாக வலுப்பெற்றுப் பெங்கல் என்னும் பெயரைப் பெற்றது. மறுநாள் புதுச்சேரிக்கு அண்மையிற் கரையைக் கடந்தது. இத்திருத்தம் உண்மையானது, எழுத்தில் இடம்பெறவேண்டியது. எனினும் வெள்ளத்தின் அளவையோ அதன் காரணத்தையோ இது சிறிதும் மாற்றவில்லை. இதனைச் சுட்டிக்காட்டி "நீர் புயலென்று சொன்னது பொய், ஆகவே நீர் சொன்ன மற்றவையும் பொய்" என வாதிடுதல் முறையன்று. அதே வேளையில், இப்பிழை சுட்டப்படும்போது "இத்தனை பேர் இறந்திருக்கப் பெயரையா பேசுகின்றீர்" எனச் சீறுதலும் முறையன்று. ஒரு பயனும் இதிலுண்டு. புயலென்று பெயர்பெறாத தாழமுக்கமும் உயிரைக் கொள்ளவல்லது என்னும் பாடத்தை இத்திருத்தமே நமக்குத் தருகின்றது. பெயர் பெற்ற புயலுக்கே அஞ்சிப் பழகியோர் அறிந்துகொள்ளவேண்டிய செய்தி அது.

"முன்னெப்போதும் இல்லாத வெள்ளம்" என்னும் தொடரும் இவ்வாறே நோக்கற்பாலது. 1957 டிசம்பரிற் பெருவெள்ளம் கிழக்கு மாகாணத்தைத் தாக்கியது. 1978 நவம்பரில் மட்டக்களப்புப் பகுதியைச் சூறாவளி சிதைத்தது. 2011 சனவரியிலும் பெப்ரவரியிலும் பெய்த மழையால் நாடெங்கும் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களே பெரிதும் துயருற்றன. ஆகவே "முன்னெப்போதும் இல்லாத" என்பது திருத்தப்படவேண்டிய கூற்று. ஆயின் இத்திருத்தத்திலிருந்து "ஆகவே எதுவும் மாறவில்லை" என்னும் முடிவு பெறப்படாது. வெள்ளம் முன்பும் வந்தது என்பது நிகழ்ச்சிக் கூற்று. அது இப்போது எத்துணை அடிக்கடி, எத்துணைக் கனதியாக வருகின்றது என்பது அளவுக் கூற்று. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளுதல் ஆகாது.

புயல்களைப் பற்றிய பேச்சிலும் அளவுப் பிழை மலிந்துள்ளது. உலகெங்கும் புயல்களின் தொகை பெருகிவிட்டது எனப் பலர் கூறுவர். காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளிடைக் குழு 2021இல் வெளியிட்ட ஆறாவது மதிப்பீட்டறிக்கை அவ்வாறு கூறவில்லை. கடும் புயல்களின் வீதாசாரம் கடந்த நான்கு பத்தாண்டுகளில் உயர்ந்திருத்தல் கூடும் என்பதே அதன் கூற்று. மொத்தத் தொகை உயரும் என அது எதிர்பார்க்கவுமில்லை. காலநிலை மாற்றம் உண்மை என வற்புறுத்துவோரே இத்திருத்தத்தை முதலில் ஏற்றுப் பரப்புதல் வேண்டும். மிகைக்கூற்று உடைபடும்போது அதனோடு சேர்ந்து உண்மைக்கூற்றும் ஐயத்துக்குள்ளாகும்.

3. காரணத்தையே மாற்றும் திருத்தம்

இனி, கூற்றின் அடிப்படையையே மாற்றும் திருத்தங்களை நோக்குவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலாய ஊர்களை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் குறித்த அச்சம் இக்கரையில் ஆழமாய் வேரூன்றியமைக்கு அதுவே காரணம். அதனையும் காலநிலை மாற்றத்தின் பட்டியலிற் சேர்த்துப் பேசுவோரைக் காண்கின்றோம். இது முற்றிலும் தவறு. சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கமே அப்பேரலைக்குக் காரணம். வளிமண்டலத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதனினும் நுண்ணியது ஒலுவில் கடலரிப்பு. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஒலுவிலில், டென்மார்க்கின் கடனுதவியுடன் துறைமுகமொன்று கட்டப்பட்டு 2013 செப்தெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் பின் துறைமுகத்திற்கு வடக்கே கரை வேகமாக அரிக்கப்பட்டது. தென்னந்தோட்டங்களும் வள்ளம் ஏற்றும் மணற்பரப்பும் கடலுட் சென்றன. துறைமுக வாயிலையோ மணல் மூடியது. கடல்மட்டம் உயர்வதாலேயே கரை அழிகின்றது என்பது கேட்போர் உடனே ஏற்கக்கூடிய விளக்கம். ஆனால் அளவுகள் அதற்கு இடந்தரவில்லை. 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரி 3.7 மில்லிமீற்றர் வீதமே உயர்ந்தது. ஐந்தாண்டுகளில் அது 2 சென்ரிமீற்றரையும் எட்டாது. ஒருசில ஆண்டுகளிலேயே கண்ணெதிரே கரை பின்வாங்கியமைக்கு இது போதிய காரணமன்று. மேலும், அரிப்பு துறைமுகத்தின் ஒரு பக்கத்திலே மிகுந்தும் மறுபக்கத்திலே மணல் சேர்ந்தும் காணப்பட்டமை வேறொரு காரணத்தைச் சுட்டுகின்றது. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓயாது நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் இடைமறித்தன. வடகரை தான் இழக்கும் மணலுக்கு ஈடு பெறவில்லை.

இத்திருத்தத்தின் விளைவு பெரிது. காரணம் கடல்மட்டமாயின் ஒலுவில் மீனவன் முறையிடுவதற்கு எவருமில்லை. காரணம் அலைதடுப்புச் சுவராயின் மணலை அகழ்ந்து வடகரைக்கு மாற்றுமாறும் இழப்பீடு தருமாறும் கேட்பதற்கு அவனுக்கு இடமுண்டு. ஆயின் திருத்தத்தைச் சொல்வோரும் ஓர் எல்லையில் நின்றுகொள்ளல் வேண்டும். ஒலுவிலில் அரிப்புக்குத் துறைமுகம் காரணம் என்பதனால் கடல்மட்டம் உயரவில்லை என ஆகாது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. தாழ்ந்த கரையும் களப்புக்களும் நிறைந்த இம்மாவட்டத்திற்கு அது நீண்டகால ஆபத்தே. ஓரிடத்துக் காரணத்தைத் திருத்துதல் வேறு. உலகளாவிய உண்மையை மறுத்தல் வேறு.

4. ஓர் ஆண்டெண்ணின் வரலாறு

பெரியதொரு அறிவுநிறுவனம் திருத்தத்தை எதிர்கொண்ட வகைக்கு இமாலயப் பனியாறுகள் பற்றிய விவாதம் தக்க எடுத்துக்காட்டாகும். அரசுகளிடைக் குழு 2007இல் வெளியிட்ட நான்காவது அறிக்கையின் இரண்டாம் பகுதி, ஆசியா பற்றிய அதிகாரத்தில், இமாலயப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டளவில் அற்றுப்போதல் பெரிதும் கூடும் எனக் கூறியிருந்தது. 2009 நவம்பரில் இந்தியச் சுற்றாடல் அமைச்சு, புவிச்சரிதவியலாளர் வி. கே. ரைனாவின் ஆய்வுரையொன்றை வெளியிட்டது. பனியாறுகள் அத்துணை விரைவிற் குறைவதற்குச் சான்றில்லை என்பது அதன் சாரம். குழுவின் அன்றைய தலைவர் ஆர். கே. பச்சௌரி அதனை மந்திரவித்தை விஞ்ஞானம் என இகழ்ந்தார்.

ஆயின் சான்றின் அடியைத் தேடிச் சென்றோர் கண்டது வேறு. அறிக்கை மேற்கோளாகக் கொண்டது உலக வனசீவராசிகள் நிதியம் 2005இல் வெளியிட்ட நூலை. அந்நூல் கொண்டது 1999இல் நியூ சயன்டிஸ்ட் என்னும் இதழில் வந்த செய்தியை. அச்செய்திக்கு அடிப்படை ஆய்வுக்கட்டுரை அன்று. அறிஞர் ஒருவருடன் நிகழ்ந்த உரையாடலே. 1996இல் வெளிவந்த வேறோர் ஆவணத்திற் கண்ட 2350 என்னும் ஆண்டு, எண்கள் இடம்மாறி 2035 ஆகியிருக்கலாம் எனவும் கருதப்பட்டது. 2010 சனவரி 20ஆம் நாள், அப்பந்தி போதிய சான்றின்றி எழுதப்பட்டது என ஏற்று, அரசுகளிடைக் குழு வருத்தம் தெரிவித்தது. பின்னர் உலக விஞ்ஞானக் கழகங்களின் கூட்டமைப்பொன்று குழுவின் நடைமுறைகளைப் பரிசீலித்து 2010 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. 2011இல் பிழைகளை ஆராய்ந்து திருத்துவதற்கான விதிமுறையொன்றைக் குழு ஏற்றுக்கொண்டது.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, பிழையின் அடியைக் கண்டு வெளிப்படுத்தியதிற் பனியாறுகள் உருகுகின்றன என்பதை நன்கறிந்த பனியாற்றியலாளருக்கே பெரும்பங்கு உண்டு. தம் தரப்பின் பிழையைத் தாமே களைந்தனர். இரண்டாவது, குழுவுக்கு நேர்ந்த இழுக்குப் பிழையினால் மட்டும் விளைந்ததன்று. பிழை சுட்டியவரை முதலில் இகழ்ந்தமையால் அது பன்மடங்காகியது. மூன்றாவது, 2035 பொய்த்தமையாற் பனியாறுகள் நிலைத்துவிடவில்லை. வெப்பமுயர்ச்சி 1.5 பாகைக்குள் மட்டுப்படுத்தப்பட்டாலும் இந்துகுஷ் இமாலயப் பனியில் மூன்றிலொரு பங்கேனும் இந்நூற்றாண்டின் முடிவுக்குள் அழியும் என 2019இல் வெளிவந்த விரிவான மதிப்பீடு கூறியது. திருத்தம் ஆண்டெண்ணை நீக்கியது, ஆபத்தை நீக்கவில்லை.

5. அளந்து தீர்த்த வழக்குகள்

நெல் விளையும் இந்நாட்டவர் அறியவேண்டிய வழக்கொன்றும் உளது. நீர் தேங்கிய வயலின் சேற்றில் உண்டாகும் மெதேன் வாயு புவியை வெப்பமாக்கும் வாயுக்களுள் ஒன்று. இந்திய வயல்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 38 மில்லியன் தொன் மெதேனை வெளிவிடுவதாக ஐக்கிய அமெரிக்காவிற் செய்யப்பட்ட மதிப்பீடு கூறியது. வேறு நாட்டு வயல்களில் அளந்ததைப் பெருக்கிப் பெற்ற தொகை அது. 1991இல் டில்லி தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் ஏ. பி. மித்ராவின் வழிகாட்டலில் ஆய்வாளர் இந்திய வயல்களிலேயே இறங்கி அளந்தனர். கிடைத்த மதிப்பீடு ஏறத்தாழ 4 மில்லியன் தொன். அதே ஆண்டில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய நூலொன்று, உழவனின் வயலில் எழும் வாயுவையும் செல்வர் ஊர்தியில் எழும் வாயுவையும் ஒரே தராசில் இடுதல் நீதியா என்னும் வினாவை எழுப்பியது. முன்னது அளவு பற்றிய வேறுபாடு, அளந்து தீர்க்கப்பட்டது. பின்னது நீதி பற்றிய வேறுபாடு. எவ்வளவு அளந்தாலும் அளவுகோலால் மட்டும் அது தீராது. இரண்டையும் வெவ்வேறாகவே வாதிட்டமையால் இரண்டும் தெளிவுபெற்றன.

மறுதரப்பிலும் பிழை நிகழ்ந்ததுண்டு. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் பல்கலைக்கழக ஆய்வாளர் ரோய் ஸ்பென்சரும் ஜோன் கிறிஸ்டியும் செய்மதிகளின் துணைகொண்டு வளிமண்டல வெப்பநிலையைக் கணித்தனர். 1990களில் அக்கணிப்பு வெப்பமுயர்ச்சியைக் காட்டவில்லை; காலநிலை மாற்றத்தை ஐயுற்றோர் அதனையே பெருஞ்சான்றாகக் கொண்டனர். செய்மதியின் சுற்றுப்பாதை சிறிது சிறிதாகத் தாழ்வது கணக்கிற் கொள்ளப்படவில்லை என 1998இல் வேறு ஆய்வாளர் காட்டினர். நாளின் நேரமாற்றத்திற்கான திருத்தத்திலும் பிழையுண்டென 2005இல் வெளிப்பட்டது. இரு ஆய்வாளரும் அதனை ஏற்றுத் தம் தரவைத் திருத்தினர். அவர்களது பொதுக்கருத்து மாறவில்லை. ஆயினும் தரவு திருந்தியது. கருத்தில் உடன்படாதார் தரவில் உடன்படுதல் இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

6. நம் மரபு தரும் நெறி

கருத்து மாறுபாட்டைக் கையாளும் நெறி தமிழ் மரபுக்குப் புதிதன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளத்தக்க எழுவகை மதங்களை வகுத்துரைத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தன் கருத்தை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறரோடு சாராது தன் கருத்தைக் கொள்ளுதல் என அவை அமையும். இவ்வேழனுள் உடன்படுதல் முதலாவதாக வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. குற்றங் காட்டுமிடத்தும் நூலின் குற்றமே பேசப்படுகின்றது. நூல் செய்தாரது குற்றமன்று. உரையாசிரியர்களும், தாம் ஏற்காத உரையைப் பிறர் உரைப்பதுண்டு என முதலிற் பதிந்து, பின்னரே அது பொருந்தாமையைக் காட்டினர்.

பதிப்புத்துறையும் இதே பாடத்தைத் தருகின்றது. உ. வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியைத் திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். அத்திருத்தத்தால் அவரது பதிப்பின் மதிப்பு உயர்ந்ததேயன்றித் தாழவில்லை. மாவடிப்பள்ளிக்கு அயலூராகிய காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளும், விஞ்ஞானம் பயின்றவராதலின், 1947இல் வெளிவந்த யாழ் நூலிற் பண்டை இசையின் சுருதிகளைக் கணித அளவைகளால் ஆராய்ந்தார். பழமையைப் போற்றுதலும் அளந்து பார்த்தலும் ஒரே உள்ளத்தில் அமையக்கூடும் என்பதை அந்நூல் காட்டுகின்றது.

இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் கல்வி மரபோ இவ்விடயத்தில் இன்னும் நேரடியாக உதவுவது. ஹதீஸ் கலை பயில்வோர், ஒரு செய்தியின் வாசகத்தை மட்டும் நோக்குவதில்லை. அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் கண்ணிகண்ணியாக ஆராய்வர். தொடரில் ஒரு கண்ணி அறுந்திருப்பினும், ஓர் அறிவிப்பாளரின் நினைவாற்றல் ஐயத்துக்குரியதாயினும், செய்தியின் தரம் குறையும். வலுவானது, வலுவற்றது எனத் தரப்படுத்தும் வழக்கும் அக்கலைக்கு உண்டு. 2035 என்னும் ஆண்டெண் பிழைத்தது அறிவிப்பாளர் தொடரை எவரும் அடிவரை சென்று நோக்காமையாலேயே. அரசுகளிடைக் குழுவும் உறுதியின் அளவைச் சொற்களால் தரப்படுத்துகின்றது. கூடும் என அது குறிப்பது 66 சதவீதத்திற்குக் குறையாத வாய்ப்பை; பெரிதும் கூடும் என்பது 90 சதவீதத்திற்குக் குறையாததை. மனிதச் செயலால் புவி வெப்பமடைந்தது என்பதை மட்டும், 2021ஆம் ஆண்டு அறிக்கை, ஐயத்திற்கு இடமற்றது என்றே கூறியது. தரம் குறிக்கும் இச்சொற்களை விட்டு, எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு உரைப்பது அறிவிப்பாளர் தொடரை வெட்டியெறிவதை ஒக்கும்.

7. நடைமுறைக்குரிய சில

மேற்கூறியவற்றினின்றும் பெறப்படும் நெறிகளைத் தொகுத்து நோக்குவோம். திருத்தம் சொல்லப் புகுவோர், தாம் திருத்துவது நால்வகையில் எக்கூற்றை என்பதை முதலிற் சொல்லுதல் வேண்டும். அத்திருத்தத்தால் மாறுவது யாது, மாறாதது யாது என்னும் இரண்டையும் ஒருங்கே உரைத்தல் வேண்டும். மாறாததைச் சொல்லாது விடும் திருத்தம், உண்மையாயிருந்தும், கேட்போரைப் பொய்யான முடிவுக்கு இட்டுச்செல்லும். சான்றை அதன் அடிவரை சென்று நோக்குதல் வேண்டும். தமக்கு உகந்த முடிவைத் தரும் சான்றையே முதலில் ஐயுற்று நோக்குதல் அதனினும் நன்று.

திருத்தத்தைப் பெறுவோர், அதனைத் தந்தவர் யாவர் என நோக்காது, தரப்பட்டது யாதென நோக்குதல் வேண்டும். ஏற்கத்தக்கதை உடனே, வெளிப்படையாக, முன்பு பிழையை உரைத்த அதே அவையில் ஏற்றல் வேண்டும். பள்ளிவாசல் முன்றிலிற் சொன்ன பிழையை வீட்டுத் திண்ணையில் மட்டும் திருத்துதல் போதாது. பழைய கூற்றையும் அதன் திருத்தத்தையும் அருகருகே வைத்துப் பதிதல் பின்வருவோர்க்குப் பயன்படும்.

காலமும் இடமும் நோக்குதலும் இன்றியமையாதது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலே தாழமுக்கத்துக்கும் புயலுக்கும் வேறுபாடு உரைப்பது அறிவுடைமையன்று. ஆனால் விசாரணை அறிக்கையிலும் பாலத்தின் வரைபடத்திலும் பாடசாலை நூலிலும் அவ்வேறுபாடு பிழையின்றி இடம்பெறுதல் கட்டாயம். துயரின் பெயரால் தரவைத் தளர்த்தலும், தரவின் பெயரால் துயரை இகழ்தலும் ஒருங்கே விலக்கத்தக்கன.

நீதியும் பொறுப்பும் பற்றிய வேறுபாடுகள் தரவு திருந்திய பின்னும் எஞ்சும் என்பதையும் ஏற்றல் வேண்டும். வளிமண்டலத்தில் இதுவரை சேர்ந்த காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு மிகச் சிறிது. அதன் விளைவை ஏற்பதில் மாவடிப்பள்ளி போன்ற ஊர்களின் பங்கோ சிறிதன்று. இவ்வநீதியை உலக அவையில் எடுத்துரைக்கும் உரிமை நமக்குண்டு. அவ்வுரிமை வலுப்பெறுவது நம் கூற்றுக்கள் பிழையற்றிருக்கும் அளவுக்கே. ஆழிப்பேரலையையும் ஒலுவில் அரிப்பையும் அக்கணக்கிற் சேர்த்துக் காட்டுவோமாயின், உண்மையான கணக்கும் மறுக்கப்படும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதன் பின்னும் இதே இரு கூற்றுக்கள் எதிரெதிரே நின்றன. அவை ஒன்றையொன்று வெல்லவேண்டியதில்லை. மழையின் கனதி எவ்வாறு மாறிவருகின்றது என்பதை வளிமண்டலவியலாரும் உழவரும் தம் பதிவுகளைக் கொண்டு உரைக்கட்டும். தாம்போதியின் உயரமும் மதகின் அகலமும் அம்மழைக்குப் போதுமா என்பதைப் பொறியியலாளர் கணக்கிட்டுக் காட்டட்டும். தெருவை எப்போது மூடுவது, மூடியபோது பிள்ளைகளை எங்கே தங்கவைப்பது என்பதை ஊரவரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் அரச அலுவலரும் மாரி தொடங்குமுன்னரே கூடித் தீர்மானிக்கட்டும். ஒவ்வொருவர் கூற்றிலும் பிழை காணப்படலாம். அதனைச் சுட்டுவாரும், சுட்டியவிடத்து ஏற்பாரும் அவ்வவையில் இருப்பாராயின், மாவடிப்பள்ளித் தெருவிற் கட்டப்படும் பாலம் வரப்போகும் வெள்ளத்தின் அளவுக்கேற்ப அமையும்.